வாங்குவது பிள்ளை, இழுபடுவது அப்பா

செம்பரம்பாக்கத்தில் சைபீரியன் ஹஸ்கி நாய் வளர்க்கக் கூடாது. சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

இதைச் சொல்பவன் நாயைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவன் அல்ல. 14 மாதமாக ஒரு ஹஸ்கியின் கயிறு என் கையில்தான் இருக்கிறது. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து அதை நடத்திக்கொண்டு போகிறவன் நான். அது கடித்துக் குதறிய செருப்புகள், தோண்டிப் போட்ட துளசிச் செடி, ஊளையிட்டுக் கெடுத்த தூக்கம் எல்லாவற்றுக்கும் என்னிடம் கணக்கு உண்டு. அந்த நாயை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்து நிலவரம் உங்களுக்குத் தெரியும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதற்குப் பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. நெல் விளைந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பியது. நானும் அந்தச் சோற்றைத்தான் தின்றேன். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 22 வருடம் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு நம் பிள்ளைகள் வீட்டு நிலைமை என்ன? அவன் ஒரு ஷிப்ட், அவள் ஒரு ஷிப்ட். இரண்டு படுக்கையறை, ஒரு பால்கனி. சம்பளம் வருகிறது, வீட்டில் யாரும் இல்லை. அந்த வெறுமைக்கு மருந்தாக ஒரு நாய்க்குட்டி வாங்குகிறார்கள். அதிலும் நீலக் கண்ணும் ஓநாய் மூஞ்சியுமாக, போனில் பார்த்தது மாதிரியே வேண்டும் என்கிறார்கள்.

என் மகன் போனில் கேட்டான். "அப்பா, ஒரு ஹஸ்கி குட்டி வாங்கலாம்னு இருக்கோம்."

"வேண்டாம்டா. ரெண்டு பேரும் ஷிப்டுக்குப் போனா அதை யார் பாத்துக்கறது?"

"பாத்துக்கலாம்பா."

இந்தப் 'பாத்துக்கலாம்' என்ற சொல்லுக்கு 'நீங்க பாத்துக்கங்க' என்றுதான் அர்த்தம் என்பது பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரியும். மூன்று வாரத்தில் குட்டி வந்தது. ஒரு மாதத்தில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் பகல் முழுக்க ஊளை. "ஒரு மாசம் மட்டும் வெச்சிருங்கப்பா" என்று எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். ஸ்நோ என்று பெயர் வைத்திருந்தான். என் மனைவி வாயில் அது சின்னு ஆகிவிட்டது. அந்த 'ஒரு மாசம்' இன்னும் முடியவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். காலையில் நடக்கும்போது எதிரே வருகிறவர்களைப் பாருங்கள். கூட வரும் நாய்க்கு ஒரு வயது, ஒன்றரை வயது. கயிற்றைப் பிடித்திருப்பவருக்கு 60, 65, 70. இவர்களில் ஒருவரும் நாய் வேண்டும் என்று கேட்டவர்கள் இல்லை. எனக்குத் தெரிந்த 68 வயது நண்பர் ஒருவரை, பூனையைக் கண்டு பாய்ந்த நாய் தார் ரோட்டில் இழுத்துத் தள்ளியது. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் நாய் மொட்டை மாடியில் கட்டிக் கிடந்தது. இதில் தவறு நாயுடையதா, நண்பருடையதா? இருவருடையதும் இல்லை. வாங்கியவர் அப்போது ஷிப்டில் இருந்தார்.

நேம் பிளேட்டைப் படியுங்கள்

மெயின்டனன்ஸ்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மோட்டாரைத் தொடுமுன் அதன் மேல் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டைப் படிப்பான். எத்தனை குதிரைத் திறன், தொடர்ந்து ஓடுவதா, விட்டு விட்டு ஓடுவதா, சுற்றுப்புறச் சூடு எவ்வளவு வரை தாங்கும் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் படிக்காமல் மாட்டினால் காயில் கருகும். கருகிய பின் மோட்டாரைத் திட்டிப் பயனில்லை.

ஹஸ்கிக்கும் ஒரு நேம் பிளேட் உண்டு. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சைபீரியாவின் கடைசியில் வாழும் சுக்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவாக்கிய நாய் இது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை போகும் குளிரில், அளவான பாரத்தைச் சறுக்குவண்டியில் வைத்து, நாள் முழுக்க இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் அதன் வேலை. ஓடியும் களைக்காத நாயாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1909இல் அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் நடந்த சறுக்குவண்டிப் பந்தயத்தில் முதன்முதலாக இவற்றை இறக்கினார்கள். 1925 ஜனவரியில் அதே நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. விமானம் பறக்க முடியாத குளிர். மருந்து 674 மைல் தூரம், அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், நாய் வண்டிகளிலேயே போய்ச் சேர்ந்தது. 20 வண்டியோட்டிகள், சுமார் 150 நாய்கள், கைமாற்றி கைமாற்றி ஐந்தரை நாளில் கொண்டு சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் முன்னால் ஓடிய பால்ட்டோ என்ற நாய்க்கு நியூயார்க் பூங்காவில் சிலை வைத்தார்கள். எல்லாவற்றிலும் நீண்ட, ஆபத்தான கட்டத்தை ஓடியது டோகோ என்ற இன்னொரு நாய்.

சென்னையிலிருந்து மும்பை ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பரம்பரையில் வந்த ஒரு ஜீவனை எட்டடிக்கு நாலடி பால்கனியில் விட்டுவிட்டு, "சார், இது ரொம்ப சேட்டை பண்ணுது" என்கிறார்கள். சேட்டை இல்லை ஐயா. வேலை கிடைக்காத தொழிலாளி அது.

வெயில் விவாதம் வேண்டாம்

"ஏசி போட்டுக்கலாம் அங்கிள், பழகிடும்" என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். எது பழகும்? கத்திரி வெயில் நமக்கே பழகவில்லை. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றைக்கு மின்விசிறிக் காற்று முகத்தில் அறைந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி சூட்டை வெளியே தள்ள அதற்கு இருப்பது நாக்கும் மூச்சும்தான். நாக்கில் இருக்கும் ஈரம் காற்றில் காய்ந்தால் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிரம்பியிருந்தால் நாக்கு ஈரம் எங்கே காயும்? கூலிங் டவர் பார்த்தவர்களுக்கு இது புரியும். புழுக்கமான நாளில் டவர் தண்ணீர் இறங்காது, புரொடக்‌ஷன்காரர்கள் வந்து கத்துவார்கள். நம் ஊரிலோ ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடற்காற்று. புழுக்கத்துக்குக் குறைவே இல்லை.

நாயின் உடம்புச் சூடு இயல்பாக 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வேகமாக மூச்சு வாங்குவது, எச்சில் கெட்டியாக ஒழுகுவது, ஈறு செக்கச் செவேலென்று ஆவது, நடை தள்ளாடுவது, வாந்தி, இவை அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, அப்புறம் டாக்டரிடம் ஓட வேண்டும். முதலில் குளிர வைப்பது, அடுத்துதான் வண்டி தேடுவது. முடி அதிகம் இருப்பதால்தான் சூடு என்று மொட்டையடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். இரண்டு அடுக்கு முடி குளிரை மட்டுமல்ல, வெயிலையும் தடுக்கிறது. மொட்டையடித்தால் தோல் வெந்துபோகும், முடி பழையபடி வளராமலும் போகலாம்.

ஏசி போடலாம்தான். என் வீட்டில் போடுகிறேன். ஈபி பில்லை மகன் கட்டுகிறான். ஆனால் மே மாதம் மத்தியானம் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடும், ஏசி ஓடாது. அப்போது ஈரத்துணியோடு நாய் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறவர் யார் தெரியுமா? மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் என் மனைவி.

"ரெண்டு போடு, சரியாயிடும்"

இதுவரை பிள்ளைகளைச் சொன்னேன். இப்போது நம் வயதுக்காரர்களைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம் காலத்தில் நாய் வளர்ப்பு என்றால் என்ன? தெருவில் திரிந்தது வாசலில் படுத்தது. மீந்த சோறு போட்டோம். திருடன் வந்தால் குரைத்தது. யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, அதற்குத் தேவையும் இல்லை. தானே ஓடியது, தானே திரும்பி வந்தது. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஹஸ்கிக்கு வைத்தியம் சொல்கிறோம். "சங்கிலியில கட்டிப் போடு." "ரெண்டு போடு, சரியாயிடும்." "தயிர் சோறு போடு, அடங்கிடும்." சின்னு வந்த புதிதில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்த மூன்றையும் சொல்லாத ஆள் இல்லை.

கட்டிப் போட்ட ஹஸ்கி அடங்காது. தேங்கும். தேங்கிய சக்தி ஊளையாக வரும், தோண்டுவதாக வரும், கதவைக் கடிப்பதாக வரும். அடித்தால் கையைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளும், வேறொன்றும் கற்றுக்கொள்ளாது. பயந்த நாய்தான் ஒரு நாள் பேரக்குழந்தையைக் கடிக்கும்.

அடிக்காமல் என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். இதில் மந்திரம் எதுவும் இல்லை, நேரம்தான் வேண்டும்.

கடிப்பது: நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு ஊறும், எதையாவது கடிக்கத்தான் செய்யும். கையைக் கடித்தால் நாங்கள் கத்துவதில்லை. விளையாட்டை நிறுத்தி, எழுந்து, முதுகைக் காட்டி அரை நிமிடம் நிற்போம். பிறகு கடிக்கத் தகுந்த ஒன்றைக் கொடுப்போம். கடித்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்று அதுவே புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆனது. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஒருவர் நிற்க, இன்னொருவர் சிரித்துக்கொண்டு கையைக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

இழுப்பது: பின்னால் நாம் இழுத்தால் அது முன்னால் இழுக்கும். அதன் ரத்தத்திலேயே இருக்கிற வேலை அது. கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு, நெஞ்சுக்கு முன்னால் கொக்கி உள்ள பெல்ட்டை மாட்டினேன். கயிறு விறைத்தால் நான் மரம் மாதிரி நிற்பேன். தளர்ந்தால் நடப்பேன். முதல் நாள் தெருமுனை போய்ச் சேர 20 நிமிடம் ஆனது. பால்காரர் நின்று பார்த்துவிட்டு, "என்ன சார், பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கேட்டார். ஆகட்டும் என்று நின்றேன். ஒன்றரை மாதத்தில் கயிறு தளர்ந்தது. இன்றைக்கும் ஆட்டுக்குட்டியைக் கண்டால் விறைக்கும். ஆகவே கயிற்றை அவிழ்த்துவிடும் பேச்சே கிடையாது. ஓடத் தொடங்கிய ஹஸ்கி கூப்பிட்டால் திரும்பும் என்று நம்பாதீர்கள். பெங்களூரு நெடுஞ்சாலை எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

மூக்குக்கு வேலை: காலை மட்டும் களைக்க வைத்தால் போதாது, மூளையும் களைக்க வேண்டும். பழைய துண்டைச் சுருட்டி மடிப்புக்குள் தீனியைத் தூவி முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். அட்டைப் பெட்டிக்குள் பெட்டி வைத்து ஒளிப்பேன். 15 நிமிடம் மோந்து தேடினால் நன்றாகத் தூங்கிவிடும். வெளியே போக முடியாத வெயில் நாளில் எங்களைக் காப்பாற்றுவது இதுதான்.

தோண்டுவது: தடுத்துப் பார்ப்பது வீண். கிணற்றடி மூலையில் அதற்கென்று ஒரு சதுரம் மணல் கொட்டி ஈரமாக வைத்தேன். தோண்டிக்கொள்ளும், குளிர்ச்சியாகப் படுத்துக்கொள்ளும். துளசி பிழைத்தது.

தனியாக இருப்பது: ஒரு நிமிடம் கதவைச் சாத்தித் திறப்பது, அப்புறம் மூன்று நிமிடம், அப்புறம் பத்து என்று ஏற்றினோம். முதல் நாளே எட்டு மணி நேர ஷிப்டுக்குப் பூட்டிவிட்டுப் போனால் ஊளையிடாமல் என்ன செய்யும்?

நேரம்: விடியற்காலை நாலரை முதல் ஆறு, இரவு ஒன்பதுக்கு மேல். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நம்மால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

இதெல்லாம் செய்தும் ஒரு குறை தீரவில்லை. நாய்க்குட்டிக்கு மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பார்ப்பதும் கேட்பதும் ஆயுளுக்கும் மனதில் நிற்கும். ஆட்டோ சத்தம், ஒலிபெருக்கி, தொப்பி போட்டவர், குழந்தை என்று எல்லாவற்றையும் அந்தக் காலத்தில்தான் பழக்க வேண்டும். தடுப்பூசி முடியவில்லை என்றால் கையில் தூக்கிக்கொண்டாவது காட்ட வேண்டும். சின்னுவுக்கு அந்தக் காலம் பூட்டிய கதவுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும். என் மனைவி குக்கரை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பானையில் சோறு வடிக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சர்வீஸ் ரோட்டில் பைக்கில் நாயைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு. வளரும் நாய்க்கு எலும்பின் முனைகள் கெட்டிப்பட ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரை ஆகும். அதற்குள் வண்டி வேகத்தில் தாரில் ஓட வைத்தால் மூட்டு கெடும். நாய்க்குச் சக்தி இருக்கிறது என்பதற்காக உங்கள் ஆக்சிலரேட்டருக்கு அது அடிமை இல்லை.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

குட்டி விற்பவர் மகனிடம் சொன்னது: "சார், இது இந்தியன் கிளைமேட்டுக்கு செட் ஆன லைன்." இரண்டு மூன்று தலைமுறை இங்கே பிறந்துவிட்டால் நாக்குக்குப் பதில் தோலில் வியர்வை வந்துவிடுமா? தாய் நாயைக் காட்டவில்லை, பதிவுச் சான்றிதழைக் காட்டவில்லை. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. எத்தனை பேர் இதைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்கிறோம்?

2024இல் தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை வந்தது. நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாத சில வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி உண்டு, பக் உண்டு, செயின்ட் பெர்னார்டும் உண்டு. உடனே எதிர்ப்பு கிளம்பியது, விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. வழக்கு எப்படியும் போகட்டும். வெயில் தீர்ப்புக்குக் காத்திருக்காது.

ஒரு விளம்பரம், ஒரு சீரியல் போதும், நாம் கிளம்பிவிடுகிறோம். ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பக் நாய் பையன் பின்னால் நடந்தது, ஊரெல்லாம் பக். கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற சீரியலில் ஓநாய்கள் வந்தன, உலகமெல்லாம் ஹஸ்கி. வாங்கியவர்கள் கைவிட்ட ஹஸ்கிகளால் வெளிநாட்டுக் காப்பகங்கள் நிரம்பின. 2017இல் அந்தச் சீரியலின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜே, ஓநாய் மாதிரி இருக்கிறது என்பதற்காக ஹஸ்கி வாங்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். குளிர் நாட்டிலேயே அந்த நிலைமை.

அப்படியானால் நாட்டு நாயா?

இந்த இடத்தில் "ராஜபாளையம் வாங்கு, சிப்பிப்பாறை வாங்கு" என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் தபால்தலை வெளியிட்டார்கள், நமக்குப் பெருமைதான். நம் வெயில் அவற்றுக்குப் பழக்கம், அதுவும் உண்மை. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாய்கள். அவற்றை அதே எட்டடி பால்கனியில் கட்டினால் அதுவும் கொடுமைதான். வெயில் பிரச்சினை தீரும், ஓட்டப் பிரச்சினை தீராது. எந்த நாயானாலும் நேம் பிளேட்டைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

துணைக்குத்தான் நாய் என்றால் தெருவில் பிறந்த ஒரு குட்டியை எடுங்கள். இந்த மண்ணில், இந்த வெயிலில், இந்தச் சத்தத்தில் பிறந்தது. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, தினமும் இரண்டு வேளை நடத்திக்கொண்டு போனால் போதும். ஆனால் அதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்க மாட்டார்கள். அதுதான் பலருக்குச் சங்கடம்.

50 ரூபாய்

ஏரிப் பக்கம் நடக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள். தெரு நாய்களுக்கு நடுவே சம்பந்தமில்லாமல் ஒரு சடைமுடி நாய் நிற்கும். கழுத்தில் பட்டை இருந்த தடம் தெரியும். உண்ணி அப்பியிருக்கும். ஒவ்வொரு காராக ஓடிப் பார்க்கும், தன்னை இறக்கிவிட்டுப் போன கார் அதுவா என்று. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இருக்காது.

1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்ப்புப் பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம். குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிப் போடுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். ஹெல்மெட் இல்லாமல் போனால்கூட இதைவிட அதிகம் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய உயிரை, 50 ரூபாய் பயத்துக்குள் சாலையில் தள்ளிவிடலாம். சட்டம் மாறட்டும், மாற வேண்டும். அதுவரை தடுக்க வேண்டியது வீட்டில் இருக்கும் நாம்தான்.

இப்போது ஒரு கணக்கு. ஆண் ஹஸ்கி 20 முதல் 27 கிலோ. ஆயுள் 12 முதல் 14 வருடம். எனக்கு வயது 62. கூட்டிப் பாருங்கள். எனக்கு 72 ஆகும்போதும் அந்தக் கயிறு தினமும் நாலரை மணிக்கு என்னை இழுக்கும். அன்றைக்கு என் இடுப்பு தாங்குமா? தாங்காவிட்டால் கயிறு யார் கைக்குப் போகும்? இதை மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துக் கேட்டேன். சண்டை போடவில்லை, தாளில் எழுதிக் காட்டினேன். வெகு நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வாரம் இரண்டு நாள் விடியற்காலை அவன் வருகிறான். ஊசி, தீனி, டாக்டர் செலவு அவனுடையது. எங்களுக்கு முடியாத நாளில் நாய் அவனுடையது என்று எழுதி வாங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், கையெழுத்தே வாங்கியிருக்கிறேன். அவன் அதைக் காப்பாற்றுவானா என்பது அந்த நாள் வரும்போதுதான் தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, ஹஸ்கி வேண்டும் என்று ஆசையாக இருந்தால் ஒரு பரீட்சை வைக்கிறேன். முதலில் கயிறு மட்டும் வாங்குங்கள். நாய் வேண்டாம். ஒரு மாதம் தினமும் நாலரை மணிக்கு எழுந்து, ஷிப்ட் எதுவானாலும், அந்த வெறும் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடங்கள். இரவு ஒன்பதுக்கு மறுபடியும். மழை பெய்தாலும், மாமியார் வந்திருந்தாலும். ஒரு நாள் தவறினால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

பெரியவர்களே, நமக்கும் ஒன்று. பிள்ளை மனசு கோணக் கூடாது என்று முனகலாக 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, அப்புறம் பத்து வருடம் புலம்பாதீர்கள். அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைக் குட்டி வாங்குவதற்கு முன் பிள்ளையிடம் உரக்கச் சொல்லுங்கள். வாங்கி வந்துவிட்ட பின் நாயிடம் சொல்லாதீர்கள்.